மாமரம் சரியில்லை, அவசரம்!

(காவேரிப்பட்டணம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. தை மாதத்துக் காலை. கடை நடத்துபவள் செல்வி. உள்ளே வருபவர் அவளுடைய பெரியப்பா. போச்சம்பள்ளி சாலையில் 2 ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கிறார். போனைப் பாம்பைப் பிடித்த மாதிரி கழுத்தருகே பிடித்துக்கொண்டு வருகிறார்.)

பெரியப்பா: கண்ணு, இந்த போன் கெட்டுப்போச்சு. என்னவென்று பார்.

செல்வி: என்ன ஆச்சு பெரியப்பா?

பெரியப்பா: மா விவசாயிகள் வாட்ஸப் குரூப்பில் கேள்வி போட்டேன். 3 நாளாகிறது, ஒரு பதில் வரவில்லை.

செல்வி: கொடுங்க... நிறைய வந்திருக்கிறதே. 16 பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள்.

பெரியப்பா: கும்பிட்டால் மரம் சரியாகுமா?

செல்வி: நீங்கள் கேட்டதற்கு அதைத்தான் செய்ய முடியும். (படிக்கிறாள்) "மா மரம் சரியில்லை. அவசரம். தெரிந்தவர்கள் சொல்லவும்." அதற்கு முன்னால் ஒரு ரோஜாப்பூ, காலை வணக்கம்.

பெரியப்பா: எடுத்த எடுப்பில் மரம் சரியில்லை என்று ஆரம்பித்தால் நன்றாகவா இருக்கும்? ஒரு மரியாதை வேண்டாமா?

செல்வி: ரோஜாவுக்குப் பதில் ரோஜா 30 வந்திருக்கிறது. கேள்வி அந்தப் பூவுக்கு அடியில் போய்விட்டது. இது என்ன, 4 நிமிஷம் பேசி அனுப்பியிருக்கிறீர்கள்?

பெரியப்பா: எழுதினால் புரியாது என்று வாயாலேயே விவரமாகச் சொன்னேன்.

(செல்வி கேட்கிறாள். பஸ் ஹாரன். யாரோ "ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை கம்மி" என்கிறார். மறுபடி ஹாரன். கடைசியில் பெரியப்பாவின் குரல்: "மற்றபடி உங்களுக்குத் தெரியாதது இல்லை.")

செல்வி: உங்கள் தோப்புக்குள் பஸ் எப்படி வந்தது?

பெரியப்பா: தோப்பில் டவர் எடுக்காது. டீக்கடையில் உட்கார்ந்து பேசினேன்.

செல்வி: அப்புறம் இந்தப் போட்டோ. நம் பாபு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். மரம் எங்கே?

பெரியப்பா: அவன் தலைக்குப் பின்னால் பச்சையாகத் தெரிகிறது பார், அதுதான்.

செல்வி: இதைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. விவசாயிகளுக்கு இலவச நம்பர் ஒன்று இருக்கிறதே, 1800-180-1551, கிசான் கால் சென்டர். காலை 6 மணியிலிருந்து ராத்திரி 10 வரை தமிழிலேயே பேசுவார்கள். கூப்பிட்டுப் பார்த்தீர்களா?

பெரியப்பா: கூப்பிட்டேன். என்ன ரகம், எத்தனை வயசு, எப்ப இருந்து என்று போலீஸ் ஸ்டேஷன் மாதிரி விசாரணை பண்ணினார்கள். வைத்துவிட்டேன்.

செல்வி: பக்கத்தில் பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கிளையை ஒடித்துக்கொண்டு போனாலும் இதே விசாரணைதான். சரி, நான் கேட்கிறேன். நமக்குள்ளேதானே. என்ன ரகம்?

பெரியப்பா: அதைத் தெரிந்துகொண்டு என்ன பண்ணப் போகிறார்கள்? தின்னவா போகிறார்கள்?

செல்வி: பெரியப்பா.

பெரியப்பா: பெங்களூரா. கூழ் பாக்டரிக்குப் போகிற காய். 22 வயசு மரம். மொத்தம் 80.

செல்வி: அதில் எத்தனை மரம் சரியில்லை?

பெரியப்பா: எல்லாமே.

செல்வி: 80-ம்?

பெரியப்பா: என் மனசுக்கு 80-ம். எண்ணிப் பார்த்தால் 12.

செல்வி: சரியில்லை என்றால் என்ன? மரம் விழுந்துவிட்டதா, காய்ந்துவிட்டதா?

பெரியப்பா: பூ கொட்டுகிறது.

செல்வி: ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும், காயாக நிற்பது ஒன்றோ இரண்டோ. அத்தனையும் காய்த்தால் கிளை தாங்காது. பூ கொட்டுவது மரத்துக்கு வழக்கம்தான். வேறு என்ன? அடியில் போய் நின்றால் சின்னப் பூச்சிகள் சடசடவென்று பறக்கிறதா? இலை பிசுபிசுவென்று ஒட்டுகிறதா?

பெரியப்பா: இல்லை.

செல்வி: அப்படியென்றால் தத்துப்பூச்சியாக இருக்காது. பூங்கொத்தில் மாவு தூவின மாதிரி வெள்ளையாக?

பெரியப்பா: அதுவும் இல்லை.

செல்வி: சாம்பல் நோயும் இல்லை.

பெரியப்பா: நீ எப்போது விவசாய காலேஜுக்குப் போனாய்?

செல்வி: தை பிறந்தால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் டைப் அடிக்கச் சொல்கிறார்கள். உங்கள் மரத்தில் கண்ணால் பார்த்தது என்ன, அதை மட்டும் சொல்லுங்க.

பெரியப்பா: கொழுந்தெல்லாம் புடலங்காய் மாதிரி திருகிக்கொண்டிருக்கிறது. பூக்காம்பும் வளைந்து தொங்குகிறது.

செல்வி: இதை முதலிலேயே எழுதியிருந்தால் 16 பேரில் ஒருவராவது கையைப் பிரித்திருப்பார். அந்த 12 மரமும் எங்கே இருக்கிறது? அங்கொன்றும் இங்கொன்றுமாகவா?

பெரியப்பா: இல்லை, மேற்கு வேலியோரம் வரிசையாக.

செல்வி: மற்ற 68?

பெரியப்பா: ஜம்மென்று நிற்கிறது.

(செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவரைக் கையாலேயே 5 நிமிஷம் நிறுத்துகிறாள். பதில் கிடைக்கிற இடம் பாதிக்கப்படாத மரத்தில்தான் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டுவிட்டது.)

செல்வி: பூச்சியோ நோயோ வந்தால் பெரும்பாலும் இப்படி வேலி ஓரமாக எண்ணிப் பிடிக்காது. மருந்து அடித்தீர்களா?

பெரியப்பா: அடித்தேன். 8 நாள் முன்னால்.

செல்வி: இதைக் கேள்வியில் எழுதவே இல்லையே!

பெரியப்பா: மருந்து அடித்தேன் என்றால், "எதற்கு அடித்தாய்?" என்று திட்டுவார்கள்.

செல்வி: எல்லா மரத்துக்கும் ஒரே மருந்தா?

பெரியப்பா: ஒரே மருந்து, ஒரே அளவு. 200 லிட்டர் டிரம்மில் கலக்கி பவர் ஸ்பிரேயரில் அடித்தேன்.

செல்வி: முதல் டிரம் எத்தனை மரத்துக்கு வந்தது?

பெரியப்பா: ஒரு... (விரல் விடுகிறார். விரல் பாதியிலேயே நிற்கிறது.) ஒரு 12 இருக்கும்.

செல்வி: எந்தப் பக்கத்தில் ஆரம்பித்தீர்கள்?

பெரியப்பா: மேற்கு வேலி.

செல்வி: டிரம் யாருடையது?

பெரியப்பா: இந்தக் கேள்வி எதற்கு? இது வேண்டாம்.

செல்வி: பெரியப்பா, டிரம் யாருடையது?

பெரியப்பா: (குரலைத் தாழ்த்தி) பங்காளியுடையது.

செல்வி: வரப்புத் தகராறில் 2 வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத பங்காளியா?

பெரியப்பா: அவனிடம் நான் பேசவில்லையே. அவன் பையனிடம் கேட்டு வாங்கினேன். டிரம்முக்கும் எனக்கும் எந்தச் சண்டையும் இல்லை. அவனும் அந்தக் குரூப்பில் இருக்கிறான் கண்ணு. அதனால்தான் சுருக்கமாகப் போட்டேன்.

செல்வி: அதில் அவர் என்ன அடித்துக்கொண்டிருந்தார்?

பெரியப்பா: மக்காச்சோளத்துக்கு ஏதோ... (நீண்ட இடைவெளி) புல்லு மருந்து.

செல்வி: கழுவினீர்களா?

பெரியப்பா: மருந்து டிரம்மில் மறுபடியும் மருந்துதானே ஊற்றப்போகிறோம்? சோறாக்கப் போகிறோமா?

(செல்வி தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு கையால் டைப் அடிக்கிறாள்.)

செல்வி: போட்டுவிட்டேன், கேளுங்க. "பெங்களூரா, 22 வயது, 80 மரம். மேற்கு வேலியோரம் வரிசையாக 12 மரத்தில் மட்டும் கொழுந்து திருகுகிறது, பூக்காம்பு வளைகிறது. மற்றவை நன்றாக உள்ளன. 8 நாள் முன்பு எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சி மருந்து அடித்தோம். முதல் டிரம் இந்த 12-க்குப் போனது. டிரம் இரவல், அதில் முன்பு களைக்கொல்லி இருந்தது, கழுவவில்லை. காரணம் அதுதானா? இப்போது என்ன செய்யலாம்?" கொழுந்தைக் கிட்டத்தில் ஒன்று, முழு மரம் ஒன்று, நல்ல மரம் ஒன்று என்று 3 போட்டோ மத்தியானம் அனுப்புவதாகவும் எழுதியிருக்கிறேன். பாபு வேண்டாம்.

பெரியப்பா: ரோஜாப்பூ?

செல்வி: அதுவும் வேண்டாம்.

(போன் டிங் என்கிறது. இன்னும் ஒரு நிமிஷம் ஆகவில்லை.)

செல்வி: பாருங்க! பர்கூர்க்காரர் ஒருவர் எழுதுகிறார்: "களைக்கொல்லி மிச்சம் போலத்தான் இருக்கிறது. பதறி வேறு எந்த மருந்தும் மேலே அடிக்க வேண்டாம். புதுக் கொழுந்து எப்படி வருகிறது என்று பாருங்கள். கிளை ஒன்றைப் பையூரில் காட்டுங்கள். களைக்கொல்லிக்குத் தனி டிரம், தனி ஓஸ் வையுங்கள்."

பெரியப்பா: போன் சரியாகிவிட்டதே!

(மறுபடியும் டிங்.)

செல்வி: இது... உங்கள் பங்காளி.

பெரியப்பா: என்ன திட்டுகிறான்?

செல்வி: திட்டவில்லை, கேள்விதான் கேட்டிருக்கிறார். "டிரம் நீலக் கலரா? மூடியில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி இருக்கா?"

பெரியப்பா: ...

செல்வி: இருந்ததா?

பெரியப்பா: இருந்தது. அவன் பொருள் என்று எனக்கு ஞாபகப்படுத்தப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன்.

செல்வி: பதில் என்ன போடட்டும்?

பெரியப்பா: (வெகுநேரம் போனையே பார்த்துவிட்டு) அந்த ரோஜாப்பூவை இவனுக்கு மட்டும் அனுப்பு.