கோபித்துக்கொள்ளும் தோழியும் வேண்டும்

புது மொழி கற்கும் பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளோடு பேசிப் பழகினால் கூச்சம் போகும், நாலு பேரோடு பழகும் திறனும் வளரும் என்கிறார்கள். முதல் பாதியை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதியோடுதான் எனக்கு வழக்கு.

நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம் இன்று தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களில் ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு மாலையில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வாயைத் திறந்தால் யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான் அவர்களைக் கட்டிப்போடுகிறது. மனம் பதறினால் காதில் விழும் மொழி உள்ளே இறங்காது என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷென் 1980களிலேயே வாதிட்டார். கைபேசி சிரிக்காது, எத்தனை முறை தடுமாறினாலும் சலிக்காது. அந்த மட்டில் அது வரம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தோழியிடம் இரவல் வாங்கிய குடையின் கம்பியை ஒடித்துவிட்டாள். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று என் கைபேசியில் பேசிப் பார்த்தாள். இரண்டே வாக்கியம்; "பரவாயில்லை, நீ உண்மையைச் சொன்னதே பெரிது" என்றது இயந்திரம். மறுநாள் அதே வாக்கியங்களைப் பிசகில்லாமல் தோழியிடம் சொன்னாள். ஜூலை மழையில் நனைந்து, வீட்டிலும் திட்டு வாங்கியிருந்த அந்தத் தோழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவள் விக்கித்து நின்றாள். அந்த நேரத்தில் காத்திருப்பதா, மறுபடி பேசுவதா, குடையைச் சரிசெய்து கொண்டுவந்து கொடுப்பதா? பழகத் தெரிவது என்பது இதுதானே! எதற்கும் இசைந்தே பேசும் ஒன்றிடம் இதை எப்படிக் கற்பது?

1966இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும் எளிய நிரல். அதனிடமே மனிதர்கள் மனம்விட்டுப் பேசியது கண்டு அவர் கலங்கினார். ஊர்விட்டு வந்து, பேச ஆளின்றித் தவிக்கும் பிள்ளை இன்றைய உரையாடியோடு ஒட்டிக்கொள்ளக் கேட்கவா வேண்டும்? சாட்ஜிபிடியின் விதிகளே 13 வயதுக்குக் கீழ் கூடாது என்கின்றன. சிறியவர்களிடம் நான் கொடுப்பதே இல்லை.

பெரிய பிள்ளைகள் பேசும்போது, "சட்டென்று மன்னித்துவிடாதே, கொஞ்சம் கோபப்படு" என்று இயந்திரத்துக்கு முதலிலேயே சொல்லிவைக்கிறேன். அங்கே பேசிப் பார்த்ததை அன்றே ஒரு மனிதரிடமும் பேசியாக வேண்டும். மளிகைக் கடைக்காரரோ, தோட்டக் குடியிருப்பில் பக்கத்து லைன் வீட்டுப் பாட்டியோ, யாராயினும் சரி.

பள்ளிகளுக்கு இந்த உரையாடிக் கருவி வாங்கித் தர முன்வருவோரிடம் ஒரு வேண்டுகோள். பள்ளி விட்டதும் இந்தப் பிள்ளைகள் பஸ் பிடிக்க ஓடுகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளோடு விளையாட, சண்டை போட, சமாதானமாக நேரமே இல்லை. அந்தப் பஸ் அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்ப முடியுமா என்று முதலில் விசாரியுங்கள்.