வெப்பநிலை எழுதாத தவளைக் குரலை வெச்சு என்ன பண்றது?

மழை விட்டதும் ஏரிக்கரையில நின்னு பத்து செகண்ட் வாய்ஸ் நோட். கூடவே ஒரே கேள்வி: "இது என்ன தவளை?" எந்த ஏரி, எத்தனை மணி, தவளை எவ்வளவு தூரம், தண்ணி எவ்வளவு சூடு, எதுவும் கிடையாது. காட்பாடியில இருந்து குடியாத்தம் வரைக்கும் ஒவ்வொரு மழைக்கும் இதே பாடுதான். எத்தனை தடவைங்க சொல்றது?

தவளை குளிர் ரத்தப் பிராணி. வைகாசி இடிமழையில, தண்ணி வெதுவெதுன்னு இருக்கறப்ப, குரல்ல விட்டு விட்டு வர்ற துடிப்பை நெருக்கி நெருக்கி அடிக்கும். அதே தவளை ஐப்பசி அடைமழையில நிதானமா இழுக்கும். வெப்பநிலை தெரியாம துடிப்பை எண்ணி அடையாளம் சொன்னா ஒரே தவளைக்கு ரெண்டு பேர் வெச்சிடுவோம். சுவர்க்கோழி கத்துற வேகத்தை வெச்சே வெப்பநிலையைக் கணக்குப் போடலாம்னு அமெரிக்காவுல டால்பியர்ங்கற இயற்பியல் பேராசிரியர் எழுதினது 1897ல! மிதந்துகிட்டு கத்துற தவளைக்குத் தண்ணி வெப்பம், செடியில உட்கார்ந்து கத்துறதுக்கு அந்த உயரத்துக் காத்து வெப்பம். போன் காட்டுற ஊர் வெப்பநிலை ஆகாது.

இன்னொண்ணு, "சத்தம் காதைப் பிளக்குது, பெரிய தவளைதான்"னு அடிச்சுச் சொல்றது. உடம்பு பெருத்தா குரல் நாண் கனக்கும், சுருதி இறங்கும். அது சுருதிக்கு உள்ள கணக்கு, சத்தத்துக்கு இல்லை. வாய் குறுகின சின்னத் தவளை ரெண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கும். வாயையும் மூக்கையும் மூடிக்கிட்டு, நுரையீரல் காத்தைத் தொண்டைப் பைக்குத் தள்ளும். அந்தப் பை உடம்பளவு உப்பி, வயல் முழுக்க அதிர வைக்கும்.

பூச்சி விஷயத்துல இன்னும் மோசம். எங்க உட்கார்ந்து கத்துச்சுன்னு ஒருத்தரும் பார்க்கறதே இல்லை. தென்னிந்தியப் புதர்கள்ல ஒரு வெளிர் நிறச் சுவர்க்கோழி இருக்கு. இறக்கை ஒரு சென்டிமீட்டர் தேறும், ஆனா 3 கிலோ ஹெர்ட்ஸ் குரலோட அலைநீளம் 11 சென்டிமீட்டருக்கு மேல. அதனால இறக்கையோட முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் ஓரத்துல கலந்து ஒண்ணை ஒண்ணு அழிச்சிடும். அதுக்கு அது என்ன பண்ணுது தெரியுமா? இலை நடுவுல ஓட்டை கடிச்சு, உடம்பை நுழைச்சு, இறக்கையை இலையோட ஒட்ட விரிச்சுக் கத்துது. முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் கலக்காம இலையே தடுப்புப் பலகை! உடம்பு சின்னதும் குரல் மெலிஞ்சதும்தான் இதை அதிகம் செய்யுதுன்னு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல கண்டுபிடிச்சிருக்காங்க. அந்த இலையை டார்ச்சோட ஒதுக்கித் தள்ளிட்டு பதிவு பண்ணினா அந்தச் சத்தத்துக்கு என்ன மதிப்பு? பிள்ளைப்பூச்சியும் அப்படித்தான், கொம்பு வாத்தியம் மாதிரி விரியிற வளைக்குள்ள இருந்து கத்தும். வளை வாயை மிதிச்சுட்டு மைக்கை நீட்டாதீங்க.

வாய்ஸ் நோட் மனுஷன் பேச்சுக்குச் செஞ்சது. விடாம வர்ற பூச்சி ரீங்காரத்தை இரைச்சல்னு நினைச்சு அழிச்சிடும். பதிவுச் செயலியில வேவ் வடிவம், 44.1 கிலோ ஹெர்ட்ஸ், தானியங்கி ஒலி ஏத்தம் (போனே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது) அணைச்சது. கத்துற பிராணியில இருந்து ஒரு மீட்டர்ல போனை வைங்க. தூரம் ரெட்டிச்சா சத்தம் 6 டெசிபல் குறைஞ்சிடும். விளக்கை அணைச்சு அஞ்சு நிமிஷம் அசையாம இருந்தா நின்ன குரல் திரும்ப வரும். ஒரு நிமிஷமாவது ஓட விடுங்க.

பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்து ஏரின்னா கரை மேல நிக்காம உள்பக்கச் சரிவுல இறங்கி நில்லுங்க, லாரி உறுமலைக் கரை கொஞ்சம் மறைக்கும். காளைத் தவளையோட தாழ்ந்த குரலை முதல்ல முழுங்கறது அந்த உறுமல்தான். அது போதாதுன்னு ஏரியைப் பார்த்துக் குழாய் ஸ்பீக்கர் கட்டறாங்க. ராத்திரி 10 மணிக்கு மேல கூடாதுன்னு 2000லயே விதி வந்தாச்சு. தவளை இணை தேடறதே அந்த நேரத்துலதான்!

அடுத்த மழைக்காவது, கடைசி அஞ்சு செகண்ட்ல இடம், மணி, வெப்பம், தூரம் நாலையும் உங்க வாயாலயே சொல்லி முடிங்க.