தாளித வாசம் விரதகாரரின் வயிற்றை ஓட்டையாக்காது

கந்தசஷ்டி தொடங்கினால் போதும், வன்னிப் பக்க வட்ஸ்அப் குழுக்களில் அந்தக் குரல்பதிவும் வந்துவிடும். விரதகாரர் சமையல் வாசம் பிடித்தால் அமிலம் சுரந்து வெறும் வயிற்றை ஓட்டையாக்குமாம். ஆறு நாளும் குசினிப் பக்கமே போகக்கூடாதாம்.

இதில் பாதி உண்மை. வெங்காயமும் கறிவேப்பிலையும் எண்ணெயில் பொரிகிற மணம் வந்ததும் வாய் ஊறும், வயிறு இரையும். மூளை வேகஸ் நரம்பு வழியாக இரைப்பைக்குச் செய்தி அனுப்ப, கொஞ்சம் அமிலம் சுரக்கும். இன்சுலினும் சிறிதளவு வரலாம். சமிபாடு பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற பாவ்லோவ் நாய்களில் கண்டதும் இந்த அமிலச் சுரப்பைத்தான்.

ஓட்டை என்பதுதான் கட்டுக்கதை. இரைப்பையின் உட்சுவரைச் சளிப்படலம் காக்கிறது. வயிற்றுப்புண்ணுக்கு முக்கிய காரணங்கள் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பக்றீரியாவும், சிலவகை வலிமாத்திரைகளும். அந்தப் பக்றீரியாவைக் கண்டறிந்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005இல் நோபல் கிடைத்தது. நோபல் பரிசின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். பிறகென்ன, பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்துக்கொண்டே விரதம் பிடிக்கிற அம்மாமார் இங்கே எத்தனை பேர்!

ஏற்கெனவே வயிற்றுப்புண் உள்ளவர்களும், நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களும் விரதத்துக்கு முன் கிளினிக்கில் டொக்டரைக் கேளுங்கள். அவர்களுக்குச் சிக்கல் வாசத்தால் அல்ல, பட்டினியால்.

அந்தக் குரல்பதிவு உங்களுக்கும் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைக் காட்டுங்கள்.