வீரர்கள் சம்பளம் வாங்குவது என் குறை அல்ல

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து கெட்டுப்போய்விட்டது என்று புலம்பாத ரசிகரை இன்று இந்த நாட்டில் காண்பது அரிது. அலுவலகத்திலோ முடிதிருத்தும் கடையிலோ பேச்சைத் தொடங்கினால் போதும், காரணமும் தயாராக வந்துவிடும்: பையன்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள், அன்றோடு எல்லாம் போயிற்று. தொண்ணூறுகளில் மேற்படிப்புக்காக இங்கே வந்த காலம்தொட்டு மிஷிகன் பல்கலைக்கழக அணியைப் பின்தொடர்ந்துவரும் எனக்கும், ஆட்டத்தில் ஏதோ கெட்டிருக்கிறது என்பதில் மறுப்பில்லை. ஆனால் அந்தப் பழியைத் தூக்கி இருபது வயது வீரன் தலையில் போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. கெடுத்தவர்கள் தலைக்கவசம் அணிந்து ஆடுகிறவர்கள் அல்லர், தொலைக்காட்சி ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டவர்கள்.

ஊரிலிருந்து படிக்கும் நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது மெஸ்ஸி ஆடும் கால்பந்தைப் பற்றி அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி. இதில் தொழில்முறை என்.எஃப்.எல். ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, கல்லூரி ஆட்டங்கள் சனிக்கிழமை. என்.எஃப்.எல். பெருநகரங்களின் சொத்து என்றால், கல்லூரிக் கால்பந்து சிற்றூர்களின் சொத்து. நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு என்.எஃப்.எல். அணிகூடக் கிடையாது, ஆனால் லிங்கன் நகரிலுள்ள பல்கலைக்கழக அரங்கில் 1962 முதல் எல்லா ஆட்டங்களுக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்திருப்பதாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆன் ஆர்பரில் எங்கள் மிஷிகன் அரங்கின் கொள்ளளவு 1,07,601. ஆட்ட நாளில் பக்கத்துக் கோல்ஃப் மைதானத்தின் புல்தரை முழுவதும் கார்கள் நிற்கும். காலை எட்டு மணிக்கே அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டுவார்கள். ஆட்டத்துக்கு முன்பு வாத்தியக் குழுவின் தலைவர் களத்தின் நடுவே வந்து, முதுகைப் பின்னால் வளைத்துத் தொப்பி தரையைத் தொடும்வரை குனிவார். அதற்கு எழும் கூச்சல், பல நாள்களில் முதல் டச்டவுனுக்கு எழும் கூச்சலைவிடப் பெரிது.

இந்த ஆட்டத்தின் உயிர் அக்கம்பக்கத்துப் பகையில் இருந்தது. அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரர் ஒஹையோ ஸ்டேட்டில் படித்தவராக இருப்பார். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை அவர்களோடு மோதும் ஆட்டத்தில் தோற்றால் அடுத்த ஓராண்டுக்கு அவர் முகத்தில் விழிக்க வேண்டும். ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும், ஆரிகனும் ஆரிகன் ஸ்டேட்டும், டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் எல்லாம் இப்படித்தான். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஓர் அணி, தங்கை ஓர் அணி என்றிருக்கும் ஊர்கள் ஏராளம். வீரர்கள் நான்கு ஆண்டுகளில் போய்விடுவார்கள், பகை மட்டும் நிற்கும்.

பணம் வருவதற்கு முன்பு எல்லாம் தூய்மையாக இருந்தது என்ற கதையை முதலில் ஓரம்கட்டிவிட வேண்டும். 1955இல் கொலராடோவில் ஒரு கல்லூரி வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டு வழக்காடியபோது, அந்தக் கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை என்று சொல்லி 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்துவிட்டது. தொழில் அல்ல என்று சொல்லிச் சொல்லியே அரங்குகளை இரண்டடுக்காகக் கட்டினார்கள். பணமும் எப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது, மேசைக்குக் கீழே. டல்லஸின் எஸ்.எம்.யூ. அணி வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்ததற்காக அதன் 1987ஆம் ஆண்டு ஆட்டங்கள் அனைத்தையும் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. ரத்துசெய்தது. ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 2005இல் வென்ற ரெஜி புஷ், விதிமீறிச் சலுகைகள் பெற்றதாகக் கூறப்பட்டதால், 2010இல் அதைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. 2024இல் மறுபடியும் அவரிடமே கொடுத்தார்கள்.

எதிரணிக்காக நான் பரிந்துபேசும் ஓர் இடமும் உண்டு. 2010 டிசம்பரில் ஒஹையோ ஸ்டேட்டின் ஐந்து வீரர்கள் தங்கள் மோதிரங்களையும் சட்டைகளையும் விற்றதாகவும், பச்சை குத்துமிடத்தில் சலுகை பெற்றதாகவும் பிடிபட்டு, ஐந்து ஆட்டங்களுக்குத் தடைபெற்றார்கள். விற்ற பொருள்களில் ஒன்று, மிஷிகனை வென்றால் அங்கே பரிசாகத் தரப்படும் சின்னஞ்சிறு தங்கக் கால்சட்டைப் பதக்கம். எங்களைத் தோற்கடித்துப் பெற்ற பதக்கத்தை விற்றது பற்றி எனக்குள் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது என்பது வேறு விஷயம். ஆனால் தனக்குக் கொடுக்கப்பட்ட பொருளைத் தான் விற்பதுகூடக் குற்றம் என்றிருந்த அதே காலத்தில், பயிற்சியாளர்களின் சம்பளம் மில்லியன்களில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வீரர்களின் எண் பொறித்த சட்டைகளைப் பல்கலைக்கழகக் கடைகள் விற்றுக்கொண்டிருந்தன. பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே மிக அதிகச் சம்பளம் வாங்குகிறவர் ஆளுநர் அல்லர், கால்பந்துப் பயிற்சியாளரோ கூடைப்பந்துப் பயிற்சியாளரோதான்.

ஆகவே 2021 ஜூனில், வீரர்களுக்குத் தரும் கல்விச் சலுகைகளுக்கு வரம்பு போட்டது பற்றிய ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததும், ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பர வருவாய் பெறலாம் என்றானதும், 2025 ஜூனில் ஹவுஸ் வழக்குச் சமரசத்தின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதலாண்டில் 20.5 மில்லியன் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்துகொடுக்கலாம் என்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்ததும், என் கணக்கில் தாமதமாக வந்த நியாயங்கள். முந்தைய வீரர்களுக்கான சுமார் 2.8 பில்லியன் டாலர் நிலுவையும் அதே சமரசத்தில் அடக்கம்.

அப்படியானால் கெடுதல் எங்கே தொடங்கியது? நான் சுட்டுவது 1984ஆம் ஆண்டை. அதுவரை எந்த அணி எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. வரையறுத்துவந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்தன. உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அவற்றின் பக்கம் நின்றது. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் பைரன் வைட். இளமையில் கொலராடோ பல்கலைக்கழக அணியின் நட்சத்திரமாக இருந்தவர். சட்டப்படி பெரும்பான்மைத் தீர்ப்பே சரி என்று நானும் நம்புகிறேன். ஆனாலும், கட்டுப்பாடு போனால் பணத்துக்கான ஓட்டம் கல்விக்கூடங்களை எங்கே கொண்டுபோகும் என்ற அவருடைய கவலை, ஆட்டத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவரின் கவலை. அன்றிலிருந்து கான்ஃபரன்ஸ்கள், அதாவது தங்களுக்குள் ஆடும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்புகள், ஒளிபரப்பு உரிமையைத் தனித்தனியே விற்கத் தொடங்கின. அதிக விலை பெற அதிக நகரங்கள் வேண்டும், அதிக நகரங்களுக்கு அதிக அணிகள் வேண்டும் என்று அந்தக் கணக்கு விரிந்துகொண்டே போயிற்று.

அதன் முடிவு பசிபிக் கரையில் தெரிந்தது. 1915இல் வேர்விட்ட பாக்-12 கான்ஃபரன்ஸை நாசமாக்க ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலம் போதுமானதாயிருந்தது. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் எங்கள் மிஷிகன் இருக்கும் பிக் டென் கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த கோடையில் கொலராடோ, பிறகு ஒரே நாளில் ஆரிகனும் வாஷிங்டனும் ஒரு திசையிலும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா இன்னொரு திசையிலும் கிளம்பின. எஞ்சியவற்றில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைக் கான்ஃபரன்ஸில் இடம்பிடித்தன. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் அட்லாண்டிக் எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூடாது. இரண்டு பேர் மட்டும் தெருவில் நின்றார்கள்: கோர்வாலிஸ் ஊரின் ஆரிகன் ஸ்டேட், புல்மன் ஊரின் வாஷிங்டன் ஸ்டேட். ஆரிகன் ஸ்டேட் தன் அரங்கின் ஒரு பக்கம் முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்டித் திறந்தது அதே 2023இல்தான். அவர்கள் மோசமாக ஆடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. அவர்கள் ஊரில் தொலைக்காட்சிப் பெட்டிகள் குறைவு, அவ்வளவுதான்.

இந்த முடிவுகளில் ஒன்றையாவது எந்த வீரன் எடுத்தான்? யு.சி.எல்.ஏ. அணி 2024 அக்டோபரில் நியூ ஜெர்சியில் ரட்கர்ஸுடன் ஒரு கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்காகச் சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்தது. கால்பந்து அணிக்கு அது பருவத்தில் சில வாரங்கள். தனி விமானமும் உண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று போட்டி ஆடும் வாலிபால், சாஃப்ட்பால் பெண்களும் அதே கான்ஃபரன்ஸில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய தேர்வு அட்டவணையைப் பற்றி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் எவ்வளவு நேரம் யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன. ஓக்லஹோமாவும் டெக்சஸும் தென்கிழக்கு மாநிலங்களின் கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி.க்குப் போனதில், ஓக்லஹோமா மாநிலத்தின் இரு அணிகளும் ஆண்டுதோறும் மோதிய ஆட்டம் 2023 நவம்பர் 4 அன்று 27-24 என்று ஓக்லஹோமா ஸ்டேட் வென்றதோடு நின்றுபோயிற்று.

இதற்கு அடுத்த கேடு, சனிக்கிழமையின் எடை குறைந்தது. 2006 நவம்பரில் தோல்வியே காணாத மிஷிகனும் ஒஹையோ ஸ்டேட்டும் மோதின. எங்கள் பழைய பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் முந்தைய நாள்தான் காலமாகியிருந்தார். 42-39 என்று தோற்றோம், தேசியப் பட்டத்துக்கான வாய்ப்பும் கடைசியில் கைநழுவிப்போயிற்று. அந்த வலிக்கு ஒரு பொருள் இருந்தது. 2024 நவம்பர் 30 அன்று, ஐந்து தோல்விகளோடு போயிருந்த நாங்கள், நாட்டின் இரண்டாம் இடத்திலிருந்த ஒஹையோ ஸ்டேட்டை அதன் சொந்தக் களத்தில் 13-10 என்று வீழ்த்தினோம். இரவெல்லாம் மிதந்தேன். ஆனால் தேசியப் பட்டத்துக்காகப் பருவ இறுதியில் நடக்கும், பன்னிரண்டு அணிகளுக்கு விரிந்த புதிய பிளேஆஃபில், தோற்ற பின்னும் அவர்கள் நுழைந்து, ஜனவரி 20 அன்று நோட்ர டேமை 34-23 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள். பிளேஆஃபில் கல்லூரி வளாகங்களிலேயே நடந்த முதல் சுற்று ஆட்டங்கள் அருமையாக இருந்தன என்பதை மறுக்க மாட்டேன். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. பதினாறு, இருபத்துநான்கு என்று கிளம்பியிருக்கும் பேச்சைத்தான் கேட்கப் பொறுக்கவில்லை.

என் வாதத்துக்கு இடைஞ்சலான ஓர் உண்மை இந்தியானா. நெடுங்காலம் நாட்டிலேயே மிக அதிகத் தோல்விகளைச் சுமந்த அணி. அதனோடு ஆட்டம் என்றால் எங்கள் ஊரில் பாதிப்பேர் இடைவேளையிலேயே கிளம்பிவிடுவார்கள். கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்து, வீரர்கள் கல்லூரி மாறப் பதிவுசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக ஆட்களைத் திரட்டி, கலிபோர்னியாவிலிருந்து வந்த க்வார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஃபெர்னாண்டோ மெண்டோசாவை ஹைஸ்மன் கோப்பைவரை கொண்டுபோய், 2025 பருவத்தை 16-0 என்று முடித்துத் தேசியப் பட்டத்தை வென்றார். பழைய முறையில் இது கனவில்கூட நடந்திராது. வீரன் விரும்பிய இடத்துக்குப் போகலாம், கூலியும் வாங்கலாம் என்ற சுதந்திரம், பெரிய வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து கோப்பையைப் பிடுங்கி ஏழை வீட்டுக்குக் கொடுத்தது. பணம் ஆட்டத்தைக் கொன்றது என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இப்போதைய ஏற்பாடு ஒழுங்காக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸில் யு.என்.எல்.வி. அணியின் க்வார்ட்டர்பேக், முதல் மூன்று ஆட்டங்களையும் வென்ற கையோடு, தருவதாகச் சொன்ன பணம் வரவில்லை என்று சொல்லி நடுப்பருவத்தில் விலகினார். பல்கலைக்கழகமோ அப்படி ஒரு வாக்கே இல்லை என்றது. எழுத்தில் ஒன்றும் இல்லாத இடத்தில் வேறென்ன நடக்கும்? ஆனால் நடுப்பருவத்தில் விலகுவதைத் துரோகம் என்கிறவர்கள், 2025இல் பயிற்சியாளர் லேன் கிஃபின் பிளேஆஃப் வாசலில் நின்ற ஓல் மிஸ் அணியை விட்டு அதே கான்ஃபரன்ஸின் எல்.எஸ்.யு.வுக்குத் தாவியதைத் தொழில் முன்னேற்றம் என்றார்கள். 2023இல் டெக்சஸ் ஏ அண்ட் எம், தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்ப ஏறத்தாழ 75 மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. வேலை செய்யாமல் இருப்பதற்கு அந்தத் தொகை.

அரங்கில் உட்கார்ந்திருக்கும்போதும் யாருக்காக இது நடக்கிறது என்பது புரிந்துவிடும். கோட்டோரத்தில் சிவப்புத் தொப்பி அணிந்த ஒருவர் நிற்பார். தொலைக்காட்சி நிறுவனத்தின் ஆள். அவர் களத்தோரம் வந்து நின்றால் விளம்பரம் ஓடுகிறது என்று பொருள். நடுவர் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்ப்பார். வீரர்கள் குளிரில் குதித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு லட்சம் பேர் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு அவர் விலகுவதற்காகக் காத்திருப்போம். ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதையே பல வாரங்களில் பன்னிரண்டு நாளுக்கு முன்போ ஆறு நாளுக்கு முன்போதான் அறிவிக்கிறார்கள். தொலைவிலிருந்து வரும் குடும்பம் விடுதி அறை எடுப்பது எப்படி என்பது அவர்களுக்கு ஒரு கேள்வியே அல்ல.

என்ன செய்யலாம் என்று கேட்டால், எனக்கு இரண்டு மட்டும் தோன்றுகின்றன. வீரர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, அவர்களுடைய சங்கத்தோடு பேசி ஒப்பந்தம் போட வேண்டும். என்.எஃப்.எல்.லில் சம்பள வரம்பும் அணி மாறும் கட்டுப்பாடும் நீதிமன்றத்தில் நிற்பதற்குக் காரணம், அவை வீரர் சங்கத்தின் சம்மதத்தோடு வந்தவை என்பதுதான். அப்படி ஒரு சம்மதம் இல்லாததால்தான் என்.சி.ஏ.ஏ. போடும் விதிகள் வழக்குக்கு வழக்கு உடைகின்றன. மற்றொன்று, கால்பந்தை மட்டும் தனியே பிரித்து நாடு தழுவிய லீகாக நடத்திக்கொள்ளட்டும். மற்ற விளையாட்டுகளைப் பழையபடி அந்தந்த வட்டாரக் கான்ஃபரன்ஸுக்கு அனுப்பட்டும். லாஸ் ஏஞ்சலிஸ் வாலிபால் அணி நியூ ஜெர்சிக்குப் போவதால் எந்த ஒளிபரப்பு நிறுவனமும் பெரிதாகச் சம்பாதித்துவிடவில்லை. கால்பந்து ஒப்பந்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு அவர்களும் பறக்கிறார்கள், அவ்வளவே. இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. பல்கலைக்கழகத் தலைவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். கான்ஃபரன்ஸ் மாறுவதற்காகச் சில வாரங்களில் கூடிக் கையெழுத்திட்டவர்கள்தானே அவர்கள்.