மற்ற 23 மணி நேரம் யார் கணக்கில்?

எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போன செவ்வாய்க்கிழமை போடப்பட்டு, அங்கிருந்து கண்ட குழுக்களுக்கெல்லாம் பரவிவிட்ட அந்தக் கேமராப் பதிவை, படுக்கையில் கிடக்கும் ஒரு பெரியவரை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்புப் பணியாளர் இரவில் தூங்குவதைக் காட்டும் பதிவை, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நேற்று ஒருவர் அதற்குக் கீழே "ஏசி ரூமில் தூங்குவதற்குச் சம்பளம்" என்று எழுத, படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், என் பக்கத்து வீட்டுக்காரர் உட்படப் பலர் சிரிப்புக் குறி இட்டிருந்ததைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

பதிவை நான் நான்கு முறை பார்த்தேன். நேரம் அதிகாலை 3.10. பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தபடி அந்தப் பெண் தலையைக் கட்டில் விளிம்பில் சாய்த்திருக்கிறார். தூங்கத்தான் செய்கிறார், அதை மறுக்கவில்லை. ஆனால் அவருடைய இடது கை கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்தபடியே இருக்கிறது. பெரியவர் புரண்டால் கம்பி அதிரும், கை விழித்துக்கொள்ளும். இதைச் சிரித்தவர்களில் ஒருவர்கூடக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் 24 மணி நேர டூட்டியில் இருப்பவர் என்பதையும், மாற்றிவிட வேண்டிய ரிலீவர் வராததால் அன்று அவருக்கு அந்த வீட்டில் பதினோராவது இரவு என்பதையும் அந்த வீட்டாரே பிறகு ஒப்புக்கொண்டார்கள். 24 மணி நேரம் ஒருவரை வேலைக்கு வைத்துவிட்டு, அவர் எந்த மணி நேரத்தில் தூங்க வேண்டும் என்று நினைத்தீர்கள்?

திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இது ஒரு தொழில். உதவி அல்ல, சேவை அல்ல, "சும்மா கூட உட்கார்ந்திருப்பது" நிச்சயமாக அல்ல.

என் அம்மா பக்கவாதத்தில் விழுந்து 22 மாதம் படுக்கையில் இருந்தார். அந்த 22 மாதமும் அவரைப் பார்த்துக்கொண்டவர் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பார்; விரிப்பில் ஒரு மடிப்பு இருந்தாலும் கையால் தடவி எடுத்துவிடுவார், அந்த மடிப்புதான் நாளைக்குப் புண்ணாகும் என்பார். மூக்குக் குழாய் வழியே கஞ்சி ஊற்றும்போது தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்திருப்பார், ஊற்றி அரை மணி நேரம் ஆகும்வரை தாழ்த்த விடமாட்டார். யூரின் பையைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, "நிறம் மாறுது, டாக்டரைக் கேளுங்க" என்று ஒருநாள் சொன்னார். நான் இணையத்தில் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்றேன். மறுநாள் குளிர்சுரம் வந்தது, சிறுநீரகத் தொற்று என்றார்கள். எம்.எஸ்சி. படித்த எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பெயர் தொழிலறிவு இல்லையென்றால் வேறு என்ன?

ஆனால் ஏட்டில் அவர் யார்? செவிலியர் கவுன்சிலின் பதிவேட்டில் அவர் இல்லை, ஏனென்றால் அவர் செவிலியர் அல்லர். துணை மருத்துவத் தொழில்களை முறைப்படுத்த 2021இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே கொண்டுவந்தது. அதன் பட்டியலிலும் இவருக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது, நல்ல விஷயம்தான். அங்கே போனால் பாத்திரம் துலக்குபவரோடு சேர்த்து வீட்டுவேலை என்ற ஒரே கட்டத்துக்குள் எழுதிக்கொள்வார்கள். பாத்திரம் துலக்குவது தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அந்த வாலைப் பிடித்துக்கொண்டு வராதீர்கள். மூக்குக் குழாயைக் கையாளும் கைக்கு அதற்குரிய பயிற்சிச் சான்றும், அந்தச் சான்றுக்கேற்ற ஊதியமும் வேண்டும் என்கிறேன். மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டங்களில் 'ஹோம் ஹெல்த் எய்ட்', அதாவது வீட்டுப் பராமரிப்பு உதவியாளர், என்றொரு பாடத்திட்டமே இருக்கிறது. பாடப் புத்தகத்தில் பெயருள்ள தொழில், வீட்டு வாசலைத் தாண்டியதும் "அந்த ஆயா" ஆகிவிடுகிறது.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டுப் பணியாளர்களுக்கான 189ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியபோது இந்தியா ஆதரித்துத்தான் வாக்களித்தது. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்றும், அழைத்தால் வர வேண்டும் என்று காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கருத வேண்டும் என்றும் அதன் 10ஆவது பிரிவு பேசுகிறது. கை தூக்கியதோடு சரி, அதற்குக் கட்டுப்படுகிறோம் என்று நாம் முறைப்படி ஏற்புறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் வேண்டுமா என்று ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. குழுக்களுக்கு நம் நாட்டில் என்றும் குறைவிருந்ததில்லை.

"அவர் தூங்கும்போது பெரியவருக்கு மூச்சுத் திணறியிருந்தால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். பேருந்து ஓட்டுநருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று 1961இலேயே சட்டம் எழுதினோம், ஓட்டுநர் மீது இரக்கம் என்பது மட்டும் காரணமல்ல, உள்ளே நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதாலும்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஷிப்ட் மாறுகிறது. வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பவரின் உயிர் மட்டும் மலிவா?

"திருடுகிறார்கள்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. எல்லாத் தொழிலிலும் திருடர்கள் இருக்கிறார்கள், சிலர் டை கட்டியிருப்பார்கள்.

"எங்களால் எவ்வளவுதான் கொடுக்க முடியும்?" என்று கேட்பவர்களிடம்தான் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அந்த வரிசையில் நின்றவள். மாதம் 24,000 ரூபாய் ஏஜென்சிக்குக் கட்டினேன், அம்மாவின் ஓய்வூதியம் அதில் பாதிகூட வராது. அந்த 24,000இல் அக்காவின் கைக்குப் போனது 15,000தான் என்று ஓராண்டு கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆகவே குடும்பங்கள் தலையில் மொத்தத்தையும் கட்டு என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனி 1995லும் ஜப்பான் 2000லும் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே காப்பீட்டைக் கொண்டுவந்தன. நம்மால் முடியாது என்று உடனே சொல்லாதீர்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அரசு அனுப்பும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடி மாத்திரை கொண்டுவருவார் என்று அதற்கு முன் யார் நம்பினோம்? தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2031இல் மக்கள்தொகையில் 18 சதவீதத்தைத் தாண்டுவார்கள் என்பது மத்திய அரசின் கணிப்பு. அந்தக் கணக்கில் நானும் இருப்பேன். சிரிப்புக் குறி இட்டவர்களில் பாதிப் பேரும் இருப்பார்கள். அன்று நம்மைப் புரட்டிப் படுக்க வைக்க யார் வருவார்கள், எந்த மனநிலையில் வருவார்கள் என்று கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

"பெரிதாகப் பேசுகிறாயே, உன் வீட்டில் எப்படி நடத்தினாய்?" என்று யாராவது கேட்பீர்கள். கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு ஒரு தனி டம்ளர் இருந்தது. சமையலறைச் சன்னல் திண்டில், மற்றவற்றோடு சேராமல் கவிழ்த்து வைத்திருப்போம். அதை அங்கே வைத்தது மாமியாரோ சமையல்காரம்மாவோ அல்ல, நான்தான். என் அம்மாவின் மலத்தைத் துடைத்த கை எனக்கு வேண்டியிருந்தது, அந்தக் கை தொட்ட டம்ளர் வேண்டாமல் இருந்தது. 22 மாதத்தில் ஒருநாள்கூட அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமென்றால் நேராகச் சன்னலுக்குப் போவார்.

அம்மா ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் போனார். அக்காதான் கடைசியாக உடம்பைத் துடைத்து, சிக்கெடுத்து, தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னினார். அம்மாவுக்குச் சின்ன வயதில் அப்படித்தான் பிடிக்கும் என்று எப்போதோ பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். பதினோரு மணிக்கு ஏஜென்சியிலிருந்து அவருக்குப் போன் வந்தது, சாயங்காலம் வேறொரு வீட்டில் டூட்டி. உடலை எடுப்பதற்கு முன்பே கிளம்ப வேண்டியிருந்தது. போகும்போது வருகைத் தாளை நீட்டினார், கையெழுத்து இல்லாமல் அந்த மாதச் சம்பளம் வராது. பணி முடிந்த காரணம் என்ற இடத்தில் 'நோயாளி மரணம்' என்று எழுதினேன். பணியாளரைப் பற்றிய கருத்து என்ற இடத்தில் 'நன்று' என்று ஒரு சொல் எழுதிக் கொடுத்தேன்.

பதிவைப் போட்டவர் அதை நீக்கிவிட்டதாக இன்று காலை சொன்னார்கள். அந்தப் பெண்ணை ஏஜென்சி வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டது. அங்கேயும் 24 மணி நேர டூட்டிதானாம்.