விடுதலையானவரின் மரபணு மாதிரி என்ன ஆகும்?
கைதானவரிடம் மரபணு மாதிரி எடுப்பதும் கைரேகை எடுப்பதும் ஒன்றுதான் என்று, அப்படி மாதிரி எடுப்பதை ஆதரிக்கும் கட்டுரை ஒன்றில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கைரேகை அந்த ஆளோடு நின்றுவிடும். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுக்கும் மாதிரி கைதே ஆகாத அண்ணன், தம்பி, பிள்ளைகளையும் காட்டிக்கொடுக்கும். 2018இல் கலிபோர்னியாவில் ஒரு பழைய தொடர்கொலையாளி சிக்கியதே தூரத்து உறவினர்களின் மரபணுவை வைத்துத்தான். அது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் திருகோணமலையில் சுற்றிவளைப்பில் பிடிபட்டு, படமும் கைரேகையும் கொடுத்து, வழக்கே இல்லாமல் வீடு வந்தவர்கள் எத்தனை பேர்! என் சித்தப்பாவின் மகனும் அப்படித்தான். வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் அறிக்கை கேட்டபோது அந்தப் பழைய பதிவு குறுக்கே வந்து பயணமே தள்ளிப்போனது. கைரேகைக்கே இந்தப் பாடு. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம்' என்று கேட்டிருக்கிறார். இங்கிலாந்தில் 11 வயதில் கைதாகி, குற்றமற்றவன் என்று விடுதலையான சிறுவனின் மாதிரியைக்கூடப் பொலிஸார் அழிக்க மறுத்தார்கள். அது தனிப்பட்ட வாழ்வுக்கான உரிமையை மீறுவது என்று 2008இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்திலோ அந்தரங்கத்துக்கென்று தனி உறுப்புரையே இல்லை. விடுவித்த பின் எத்தனை நாளில் மாதிரியை அழிக்க வேண்டும் என்பதை முதலில் சட்டத்தில் எழுதுங்கள், அப்புறம் பஞ்சை எடுங்கள்.