ஓட்டோ மெஷ்ஷை நம்பி ராத்திரி முழுக்க ரன் விடுறவங்களுக்கு

அண்டெனாவைச் செய்யுறதுக்கு முன்னால கம்ப்யூட்டர்ல சிமுலேட் பண்ணிப் பார்க்கிறப்போ, வரைபடத்தைச் சின்னச் சின்னக் கட்டமா (செல்) பிரிக்கணும். அந்தக் கட்டக் கோடுகளை மென்பொருளே போடுறதுதான் ஓட்டோ மெஷ். "ஓட்டோ மெஷ் போட்டு ரன் குடுங்க, அதுவே பார்த்துக்கும்." யாருங்க இதைச் சொல்லிக் குடுத்தது? அது ஒண்ணையும் பார்த்துக்காது!

2.4 கிகாஹெர்ட்ஸ் பேட்ச் அண்டெனா (போர்ட் மேல தட்டையா இருக்கிற செம்புத் தகடு), 1.6 மில்லிமீட்டர் எஃப்ஆர்4 (கண்ணாடி இழை) போர்ட். எஃப்டிடிடியில, அதாவது புலத்தை செல் செல்லா, நேரத்தைச் சின்னச் சின்ன அடியா நகர்த்திக் கணக்குப் போடுற முறையில, செல் மூணு திசையிலயும் அரை மில்லிமீட்டர்னா அந்த ஒரு அடி, டைம் ஸ்டெப், 0.96 பிக்கோசெகண்ட் வரைக்கும் வைக்கலாம். ஆனா இம்போர்ட் பண்ணின வரைபடத்துல ஃபீட் லைனோட (பேட்ச்சுக்கு சிக்னல் கொண்டு வர்ற செம்புக் கோடு) மூலை, பேட்ச் விளிம்பை விட்டு 0.01 மில்லிமீட்டர் தள்ளி நிக்கும். கண்ணுக்கே தெரியாது. ஓட்டோ மெஷ் ரெண்டுக்கும் ஆளுக்கொரு கட்டக் கோடு போட்டுடும். டைம் ஸ்டெப்பைத் தீர்மானிக்கிறதே ஆகச் சின்ன செல்தான். அந்த ஒத்தை இடுக்கால 0.033க்கு விழுந்துடும். 29 மடங்கு! இருபது நிமிஷ வேலை பத்து மணி நேரம் ஓடுது. ஹட்டன், பதுளைப் பக்கம் மழை பிடிச்சா பத்து மணி நேரம் கரண்ட் போகாம இருக்குமா? பாதியில போனா மறுபடி முதல்லயிருந்து.

35 மைக்ரோன் செம்பைத் தடிப்போட வரைஞ்சாலும் இதே கதிதான். தடிப்பில்லாத தகடாப் போடுங்க.

விடை துல்லியமா வரலைன்னா உடனே "செல்லைப் பாதியாக்கு"ன்னு ஒரு வைத்தியம் சொல்வாங்க. செல் எட்டு மடங்கு, ஸ்டெப் ரெண்டு மடங்கு, மொத்தம் பதினாறு மடங்கு வேலை. எதுக்கு? தேயிலை நிரை மாதிரி எல்லா இடத்துலயும் ஒரே நெருக்கம் தேவையே இல்ல. மின்காந்தப் புலம் கூர்மையா ஏறுறது மெட்டல் விளிம்புல. நெருக்கம் அங்கதான் வேணும்.

அதிலயும், விளிம்பு மேலயே கோடு போடுறதைப் பார்த்தா வயிறு எரியுது! அப்படிப் போட்டா மெட்டல் செல்லுல மூணுல ஒரு பங்கு நீண்ட மாதிரி கணக்காகும். 0.6 மில்லிமீட்டர் செல்லுன்னா ரெண்டு முனையிலயும் 0.2. 29 மில்லிமீட்டர் பேட்ச்சுக்கு அது அதிர்வெண்ணுல ஏறக்குறைய 30 மெகாஹெர்ட்ஸ் இறக்கம். ஒரு வைஃபை சேனலோட அகலமே 20தான். அதை நம்பி பேட்ச்சைக் குறுக்கி வெட்டினா, கையில வர்ற போர்டோட அதிர்வெண் மேல ஏறி நிக்கும். ஒரு கோட்டை விளிம்புக்கு உள்ள 0.2லயும், அடுத்ததை வெளிய 0.4லயும் வைங்க. போர்ட் தடிப்புக்குள்ள நாலு செல்லாவது வேணும். பக்கத்துப் பக்கத்து செல் 1.5 மடங்குக்கு மேல மாறக்கூடாது.

ரன் குடுத்ததும் முதல்ல டைம் ஸ்டெப்பைப் பாருங்க. இந்த போர்டுக்கு 0.1க்குக் கீழ காட்டினா உடனே நிறுத்திட்டு, ஒட்டி நிக்கிற ரெண்டு கோட்டைத் தேடிப் பிடிச்சு ஒண்ணை அழிங்க.